வக்கீல் மூலமாகப் பேசியவர்கள்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரைப் புதைத்த மறுவாரம், அவருடைய மகன் பேசுவது மகள் காதிலும், மகள் பேசுவது மகன் காதிலும் விழாமல் போயிற்று. மற்ற எல்லாச் சத்தமும் விழுந்தது. குழாய் சொட்டுவது, பக்கத்து வீட்டுச் சண்டை, காய்கறி வண்டிக்காரன் கூவுவது எல்லாம் இருவருக்கும் சுத்தமாகக் கேட்டது. காது டாக்டர் விளக்கடித்துப் பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று சொல்லிப் பீஸ் வாங்கிக்கொண்டார்.

காரணம் தெருவுக்கே தெரியும். கீழே கடை, மேலே குடியிருப்பு என்று ஒரே ஒரு வீடு. அதை இரண்டு பிள்ளைகளுக்கும் பொது என்று உயில் எழுதிவிட்டுக் கிழவர் கண்ணை மூடினார். பொது என்று எழுதுவது எழுதுகிறவனுக்குச் சுலபம், அனுபவிக்கிறவன்தான் முழிக்க வேண்டும். அண்ணன் பஸ் டிப்போவில் மெக்கானிக், தனி ஆள். வீட்டை விற்றுவிடலாம் என்றார். தங்கை கல்யாணம் கட்டாமல் கடைசிவரை கிழவருக்கு மலம் மூத்திரம் அள்ளியவள். விற்றால் நான் எங்கே போவேன் என்றாள். மாடிப்படியில் நின்று வார்த்தை தடித்தது. கடைசியில் அண்ணன், "இனிமே எதுவா இருந்தாலும் வக்கீல் மூலமா பேசு" என்றார். "நீங்களும் அப்படியே பேசுங்க, எனக்கென்ன" என்றாள் தங்கை. கோபத்தில் எல்லா வீட்டிலும் சொல்கிற பேச்சுதான். இந்த வீட்டில் அது அப்படியே பலித்துவிட்டது.

இரண்டு வக்கீல் எதற்குத் தண்டம் என்று இருவரும் ஒரே வக்கீலைப் பிடித்தார்கள். அந்தக் கஞ்சத்தனம் அப்பன் வழியில் வந்தது. உயில் உண்மையானதுதான் என்று கோர்ட்டில் நிரூபித்து உத்தரவு வாங்கித் தருவது வக்கீலின் வேலை. அவர் மோசமான ஆள் இல்லை. மோசமான ஆளாக இருந்திருந்தால் சீக்கிரம் முடித்துவிட்டுப் போயிருப்பார். வியாழக்கிழமை சாயங்காலங்களில் அண்ணனும் தங்கையும் அவருடைய அறையில், ஒரு பக்கம் ஆடுகிற பெஞ்சில் தோள் இடிக்க உட்கார்ந்து, எதிரே இருந்த அவரைப் பார்த்துப் பேசினார்கள். அவர் திருப்பிச் சொன்னால் மட்டும் காதில் விழுந்தது. வேறு யார் எடுத்துச் சொன்னாலும் வாய் அசைவதுதான் தெரிந்தது. எழுதிக் காட்டினால் தாள் வெள்ளையாகவே இருந்தது.

ஆனால் வக்கீலுக்குள் போன பேச்சு போனபடி வெளியே வராது. ஒருநாள் அண்ணன், அவளுக்கு முட்டிவலி தேவலையா என்று கேட்கச் சொன்னார். வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எதிர்த்தரப்பாரின் முழங்கால் நிலை குறித்து என் கட்சிக்காரர் விசாரிக்கிறார். இதனால் மேற்படி வீட்டின் மீது அவருக்குள்ள உரிமை எதையும் விட்டுக்கொடுத்ததாகக் கருதக் கூடாது" என்றார். தங்கைக்கு முகம் சுண்டிப்போயிற்று. "நான் எப்ப சாவேன்னு பாக்கிறாரா?" என்றாள். வக்கீல் அதையும் சட்டப்படி மாற்றிச் சொன்னார். அண்ணன் மூன்று வாரம் அந்தப் பக்கமே வரவில்லை.

நாலாவது வருஷம் வீட்டை அளப்பதற்கு அண்ணன் டேப்போடு வந்தார். மாடிப்படியில் ஒரு பலகை உளுத்துப்போயிருந்தது. "அண்ணே, அதுல கால வைக்காதீங்க" என்று பின்னாலிருந்து தங்கை கத்தியது தெருமுனை டீக்கடை வரை கேட்டது. டேப்பைப் பார்த்தபடியே ஏறிய அண்ணன் காலை வைத்தார், இடுப்பெலும்பு முறிந்தது. வியாழக்கிழமை வக்கீல் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று, மேற்படி படிக்கட்டில் ஒரு பலகை பழுதடைந்திருப்பதால் அதில் கால் வைக்க வேண்டாம் என்று தங்கை கேட்டுக்கொண்டதை முறைப்படி தெரிவித்தார்.

அவருக்கு வேறு நாதியில்லை. தங்கைதான் கூட்டிவந்து, கீழே கடையில், கண்ணாடிச் சட்டங்கள் தொங்கிய சுவரோரம் கட்டில் போட்டாள். அப்பனுக்குச் செய்ததையெல்லாம் இவருக்கும் செய்தாள். ஆறாவது வருஷம் உத்தரவு வந்தது. உயில் உண்மை, வீடு இருவருக்கும் பொது என்று அதில் இருந்தது. முதல் நாளே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். உத்தரவு வந்தால் காது திறந்துகொள்ளும் என்று இருவரும் நம்பியிருந்தார்கள். திறக்கவில்லை. அதைப் பற்றித் தங்கை கேட்டதற்கு வக்கீல், "காது விஷயத்தை நாம மனுவில கேக்கலியேம்மா. கேக்காதத கோர்ட் எப்படிக் கொடுக்கும்?" என்றார். தனி மனு போடலாம் என்றும் சொன்னார். போடுவதற்குள் அவருக்குப் பக்கவாதம் வந்து வாய் கோணிவிட்டது, கையும் விழுந்துவிட்டது. இன்னொரு வக்கீலிடம் போனாள். பழைய வக்கீல் சம்மதக் கையெழுத்துப் போட்டால்தான் கேஸ் கட்டைத் தொடுவேன் என்றார் அவர். பழைய வக்கீலின் விரல்களுக்கு நடுவில் பேனாவைச் செருகிப் பார்த்தார்கள். அது நழுவி மெத்தையில் விழுந்தது.

இதெல்லாம் நடந்து வருஷம் பல ஆகிறது. காலையில் தங்கை வெந்நீர் கொண்டுவந்து அண்ணனுக்கு முதுகு துடைப்பாள். அப்போது அண்ணன் சுவரைப் பார்த்துச் சொல்வார், "வீட்ட நீயே வச்சுக்கம்மா. எனக்கு எதுக்கு." துணியைப் பிழிந்துகொண்டே தங்கை சொல்வாள், "வித்துருங்கண்ணே. நான் எங்கயாவது இருந்துக்கறேன்." தெரு முழுக்கக் கேட்கும். ஆரம்பத்தில் சிலர் வாசலில் நின்று கேட்டார்கள், ஒருத்தி அழக்கூடச் செய்தாள். இப்போது யாரும் நிற்பதில்லை. அந்த இரண்டு குரலும் கேட்டதும் டீக்கடைக்காரர் பாலை அடுப்பில் ஏற்றுகிறார். அவர் கடிகாரம் பார்ப்பதை விட்டு வெகு காலமாகிறது.