ஆறு வரிகளுக்குள் எழுதவும்

1

இந்தக் கதை என் பொய்யில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் பிறகு உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசலாம்.

என் பக்கத்து அறையில் ஒரு தையல்காரி இருக்கிறாள். கணவர் பஸ் ஓட்டுகிறார். வருமானத்தில் பாதி வாடகைக்கே போகிறது. அரசு மானிய வாடகையில் வீடு தருவதாகக் கேள்விப்பட்டு, விண்ணப்பத்தோடு என்னிடம் வந்தாள். அதில் ஒரு கட்டம்: 'வீடு ஏன் தேவை? ஆறு வரிகளுக்குள் எழுதவும்.'

"நீங்கதான் எழுதுறவங்களாச்சே அக்கா. நல்லா எழுதிக் குடுங்க."

என்னிடம் போய் இப்படிச் சொல்லலாமா? எனக்குத் தலைகால் புரியவில்லை.

2

முதல் தொடக்கம்: 'மழை வரும்போதெல்லாம் என் தையல் மெஷினின் மேல் வானமே...' (வேண்டாம்.)

இரண்டாவது: 'கூரை ஒழுகுகிறது. மெஷினுக்குக் குடை பிடித்துக்கொண்டு தைக்கிறேன்.'

கூரை ஒழுகவில்லை.* ஆனால் அந்தக் குடை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அவள் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள்.

* அவள் அறைக்கு மேலே இன்னும் இரண்டு மாடிகள் இருக்கின்றன. சிரிக்காதீர்கள்.

3

அதிகாரி நேரில் பார்க்க வந்தார். [இவரைக் கெடுபிடிக்காரராக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. படியேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார், பாவம்.] அண்ணாந்து பார்த்தார்.

"எங்கம்மா ஒழுகுது?"

அவள் என்னைப் பார்த்தாள். நானும் அண்ணாந்து பார்த்தேன். பொய்த் தகவல் என்றால் விண்ணப்பம் ரத்து. மறுபடி போட இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும்.

"ஒழுகலை சார்," என்றாள்.

"நான் எழுதினது சார். அவளுக்குத் தெரியாது," என்றேன்.

அவர் விண்ணப்பத்தை மடித்தார். அப்போதுதான் தையல் மேசைக்கு அடியில் கிடந்த தலையணை அவர் கண்ணில் பட்டது.

"இது யாருது?"

"எங்க வீட்டுக்காரரோடது சார். விடிகாலையில பஸ் எடுக்கறவரு, மத்தியானம் வந்து அங்கதான் படுப்பாரு. கட்டில் பூரா வெட்டின துணி கிடக்குமே. மெஷினை மிதிச்சா முழிச்சுக்குவாரு. அவரு எந்திரிக்கிற வரைக்கும் பட்டன் கட்டறது, ஹெம்மிங் பண்றதுன்னு கைவேலைதான்."

"இதை ஏம்மா எழுதலை?"

"இதையெல்லாமா சார் எழுதுவாங்க?"

அவர் என் ஆறு வரிகளையும் அடித்துவிட்டு, அவள் சொன்னதை அப்படியே எழுதி, படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். எனக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

4

நேற்று கடிதம் வந்தது. காத்திருப்போர் பட்டியலில் அவள் மூன்றாவது. இந்த வருடத்துக்குள் வீடு கிடைக்கக்கூடும்.

உடனே மூன்று முடிவுகள் எழுதினேன். சாவி கைக்கு வருகிறது. கணவர் கட்டிலில் காலை நீட்டி... அதற்குள் அவள் என் தாளைப் பார்த்துவிட்டாள்.

"கிடைச்சிடுச்சுன்னு நீங்க எழுதிடாதீங்கக்கா. ஒரு தடவை பட்டது போதும். கிடைச்சா நானே வந்து சொல்றேன்."

குசுகுசுவென்றுதான் சொன்னாள். மேசைக்கு அடியில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். அவள் மடியில் புதிதாக ஒரு ஜன்னல் திரை. அந்த வீட்டு ஜன்னலை அவள் பார்த்ததே இல்லை.

"அளவு தெரியாம எப்படித் தைக்கிற?"

"அடியில நாலு விரல் துணி விட்டு மடிச்சிருக்கேன். பெரிய ஜன்னலா இருந்தா பிரிச்சு விட்டுக்கலாம்."

5

முடிவை எழுத எனக்கு அனுமதியில்லை. உங்களுக்கு யாரும் தடை போடவில்லை. கீழே ஆறு வரிகளுக்கு இடம் விட்டிருக்கிறேன்.

சத்தமில்லாமல் எழுதுங்கள். அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை.