மிரியமின் கறுப்புக் கார்: நான்காவது வரைவு

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு கறுப்புக் காரின் கதவில் என் முகத்தைத் தேடினேன். அது அங்கே இல்லை. சாம்பல் பூத்த ஒரு கறுப்புதான் இருந்தது, பனி உறைந்த குளம் போல. [பனி உறைந்த குளத்தை நான் நேரில் பார்த்ததில்லை. நான் வாசிக்கும் வடதேசத்து நாவல்களில் அது அடிக்கடி வரும்; யாராவது ஒருவர் அதன் மேல் நடந்து போவார்.]

வயாலா என்ற கடலோர ஊரில், கெய்லீனின் கார் பாலிஷ் பட்டறையில் வேலை பார்க்கிறேன். போன் எடுப்பேன், தேதி கொடுப்பேன், அழுக்கான பஞ்சு வட்டுகளை அலசிக் காயப்போடுவேன். மீதி நேரம் வாசிப்பேன். இரும்புத் தூசி பறக்கும், மழை அபூர்வமான ஊர். வெள்ளைக் கார்கள் இங்கே சீக்கிரம் இளஞ்சிவப்பாகிவிடும். கறுப்புக் கார்கள் அந்தத் தூசியைத் துடைக்கத் துடைக்கக் கீறல் வாங்கும். "இந்த ஊர்லயும் கறுப்புல கார் வாங்குது பாரு சனம், அதுங்க புண்ணியத்துலதான் நம்ம பொழப்பு ஓடுது" என்பார் கெய்லீன்.

நான் கண்ணால் கண்டது இவ்வளவுதான்: மிரியம் ஃபருஜா என்ற பெண் ஒரு பிற்பகலில் அந்தக் காரைக் கொண்டுவந்தாள். கெய்லீனோடு பேசினாள். சாவியை என் மேசையில் வைத்துவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள். அவள் நடந்த விதத்தில் ஏதோ இருந்தது. அந்த 'ஏதோ'வைத்தான் எழுதப் பார்க்கிறேன்.

2

முதல் தொடக்கம்: 'கடல் கறுத்துக் கிடந்த ஒரு காலையில், பள்ளி நூலகத்தில் வேலை பார்க்கும் மிரியம் தன் தந்தையை'

வேண்டாம். எங்கள் வளைகுடா கறுத்ததே இல்லை. புயலிலும் பாசிப்பச்சைதான்.

இரண்டாவது தொடக்கம்: 'மறதி என்பது மெல்லிய ஒரு படலம்.'

எழுதி முடித்ததும் எனக்கே காது சூடாகிவிட்டது. அது பாட்டுக்கு அங்கேயே கிடக்கட்டும். கோடு போட்டு அடிக்கவில்லை, தாண்டிப் போகிறேன்.

மூன்றாவதாக, பேச்சிலிருந்தே தொடங்கலாம். பேச்சையாவது நான் கேட்டேன்.

3

"அடக் கடவுளே, மறுபடியுமா?" என்றார் கெய்லீன்.

பட்டறை விளக்குகளை அணைத்துவிட்டு, கைவிளக்கை மட்டும் போனட்டின் மேல் பிடித்தார். வெளிச்சத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போல வளையங்கள் எழுந்தன.

(அடிக்குறிப்பாக வர வேண்டியது: அந்த வளையங்கள் காரில் இல்லை. கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடுகின்றன. விளக்கைச் சுற்றி வாகாக அமைந்தவை மட்டும் மின்னுகின்றன, நம் கண் அவற்றைக் கோத்து வட்டமாக்கிவிடுகிறது. விளக்கை நகர்த்தினால் வட்டமும் கூடவே வரும். நானும் இந்தக் கதையில் ஒரு விளக்கைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன்.)

"போனட்டுல இருக்கறது கழுவுற மிஷின் பண்ணது. அது ஒரு விஷயமே இல்ல. ஆனா கதவு? இது உங்க அப்பா கைவேலைதானே?"

"அப்பாதான்" என்றாள் மிரியம்.

"அதே பச்சை நாரா? பாத்திரம் தேய்க்கறது?"

"ஒளிச்சுதான் வைக்கறேன். எப்படியோ எடுத்துடறார்."

கெய்லீன் குனிந்து பார்த்தார். கதவில் சுழல் எதுவும் இல்லை. மேலிருந்து கீழாக, அடுத்தடுத்து, நேர்கோடுகள்.

"மனுஷன் என்னமா தேய்ச்சிருக்கார் பாரேன். ஒரு கோடு கோணல்ல போகல. இங்க ஒரு ஆளு ஜன்னல் கண்ணாடியைக்கூட இப்படித் துடைக்கறதில்ல." என் பக்கம் திரும்பினார். "உன்னைத்தான், புத்தகப்புழு."

மிரியம் சிரிக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள முடியுமா, கெய்லீன்? தம்பி வர்றான், பெர்த்துலருந்து. அப்பா அடுப்பை அணைக்க மறந்தது அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. இன்னொரு தடவை இப்படி ஏதாவது நடந்தா அப்பாவை அடிலெய்டுல முதியோர் இல்லத்துல சேர்த்துடுவேன்னு சொல்லிட்டான். முடிவு பண்ற அதிகாரம் அவன் கையிலதான் இருக்கு. இந்தக் கதவை மட்டும் பார்த்தான்னா..."

வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. நானும் முடித்துவைக்கவில்லை.

கெய்லீன் ஒரு சின்னக் கருவியைக் கதவில் இங்கும் அங்கும் ஒற்றி ஒற்றி எடுத்தார். பெயிண்டின் தடிமன் சொல்லும் கருவி. கறுப்பின் மேல் கண்ணாடி போல ஒரு பூச்சு இருக்கிறது. கீறல்கள் அதில்தான் விழுகின்றன. பாலிஷ் போட்டால் கீறல் நிரம்பிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நிரம்பாது. கீறலின் அடி எங்கே இருக்கிறதோ, அந்த ஆழம் வரை சுற்றியுள்ள எல்லாவற்றையும் தேய்த்துத் தாழ்த்த வேண்டும். அப்போது கீறல் இருக்காது. அதோடு சேர்ந்து நிறைய விஷயங்களும் இருக்காது.

"கண்ணு, ஒண்ணு சொல்றேன் கேளு" என்றார் கெய்லீன். "அவர் தேய்க்கறார், நான் தேய்க்கறேன். ரெண்டு பேருமா சேர்ந்து இந்தக் கதவைத் தின்னுட்டோம். இன்னொரு தடவை பாலிஷ் மிஷின் வச்சா கறுப்பே கிளம்பி வந்துடும்."

4

இங்கேதான் என் மூன்றாவது வரைவு நின்றுபோனது. அதில் மிரியம் ஒரு புனிதை. அவளுக்காக நானே கொஞ்சம் அழுதேன்.

ஆனால் பட்டறையில் கெய்லீன் கேட்ட ஒரு கேள்வியை அந்த வரைவில் நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் என் புனிதை ஆட்டம் கண்டுவிடுவாள் என்று பயம்.

"உங்க வீட்லதான் ஷெட் இருக்கே. பூட்டோட. காரை உள்ள விட்டுப் பூட்டினா என்ன?"

மிரியம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். அவளுக்காக நான் பதில்கள் தயாரித்தேன். 'சாவி தொலைஞ்சுபோச்சு.' 'ஷெட் முழுக்கப் பழைய சாமான்.' எல்லாம் பொய் நாற்றம் அடித்தன. பிறகு அவளே சொன்னாள்:

"தேய்க்கும்போது மட்டும் அவருக்கு என் பேர் ஞாபகம் வருது."

கெய்லீன் விளக்கை இறக்கினார்.

"கப்பல் பட்டறையில அதுதான் அவருக்கு வேலை. பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி கப்பல் பக்கத்தைச் சொரசொரப்பாக்கறது. அவருக்கு இது கார் இல்ல, கெய்லீன். நின்னு தேய்ப்பார், பாடுவார். 'மிரியம்'னு கூப்பிடுவார். மத்த நேரமெல்லாம் நான் யாரோ ஒரு நர்ஸ். என் வீட்ல எனக்கே வணக்கம் சொல்றார்."

[இதை அவள் இப்படியே சொன்னாளா, நான் சொல்லவைத்தேனா? 'நர்ஸ்' என்றது நிச்சயம். 'வணக்கம்' என்னுடையதாக இருக்கலாம்.]

ஆக, பச்சை நாரை அவள் ஒளித்துவைக்கவில்லை. அல்லது, ஒரு மனிதன் தேடினால் கிடைக்கும் இடத்தில் ஒளித்துவைத்தாள். கீறல் போக அவள் எங்களிடம் வந்ததும் அவர் மறுபடியும் தேய்க்கத்தான். இதை எழுதிய பிறகு எனக்கு அவள் மேல் கோபம் வருமா என்று காத்திருந்தேன். வரவில்லை.

5

கெய்லீன் கதவில் மிஷினை வைக்கவில்லை. போனட்டுக்கும் கூரைக்கும் மட்டும் ஓட்டினார். பஞ்சு வட்டு சுழல, வெண்மையான களிம்பு கலங்கி, தெளிந்து, கீழே கறுப்பு விழித்துக்கொண்டது. அப்படித்தான் தெரிந்தது எனக்கு. கூரைத் தகரத்தின் ஓட்டை வழியே வந்த வெயில் அதில் ஒரு மீனாக நீந்தியது. கொஞ்ச நேரம் நான் கரையில் நின்றுகொண்டிருந்தேன்.

கதவுக்கு வேறொன்று செய்தார். எண்ணெய்ப் பசையுள்ள மெழுகைக் கையால் தடவி, கீறல்களை மூடினார். வழக்கமாக அவர் கைகூட வைக்காத பொருள் அது. காரை விற்கப்போகிறவர்கள் கேட்டால், "ஏமாத்தறதுக்கு வேற கடை பாரு" என்று அனுப்பிவிடுவார்.

"எத்தனை நாள் தாங்கும்?" என்றேன்.

"ரெண்டு மழைக்குத் தாங்கும்."

"இங்க ரெண்டு மழைன்னா..."

"ஆமா. ஒரு வருஷம்" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு, "யாரும் நாரை வச்சுத் தேய்க்காம இருந்தா" என்றார்.

கதவில் என் முகம் தெளிவாகத் தெரிந்தது. அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

6

முடிவுகள்.

முதல் முடிவு: மிரியமின் தம்பி விக்டர் வரும் நாளில் மழை கொட்டி மெழுகைக் கரைக்கிறது. (வயாலாவில்! எழுதும்போதே நான் சிரித்துவிட்டேன்.)

இரண்டாவது முடிவு: விக்டர் கதவைத் தடவிப் பார்த்து எல்லாம் புரிந்து, அக்காவைக் கட்டிக்கொண்டு, (இதற்கு மேல் கை ஓடவில்லை.)

மூன்றாவது இப்படிப் போகிறது. நான் அங்கே இல்லை. ஆனாலும் பார்க்கிறேன்.

ஞாயிறு. விக்டர் கதவின் முன் நின்று தலைமுடியைச் சரிசெய்கிறான். "அக்கா, காரைப் புதுசு மாதிரி வச்சிருக்கியே! நான் என்னென்னவோ நினைச்சுட்டு வந்தேன்." அவன் தோள்கள் இறங்குகின்றன. அடிலெய்டு பற்றி அவன் பேசவில்லை. பேச வேண்டியிருக்காதோ என்று மிரியம் மெல்ல மூச்சு விடுகிறாள்.

அப்போது தந்தை வெளியே வருகிறார். வென்சு என்பது அவர் பெயர். உயரமான மனிதர், சட்டையின் கடைசிப் பொத்தான் வரை போட்டிருக்கிறார். கொஞ்ச நாளாக அவரிடமிருந்து ஆங்கிலம் கழன்றுவிட்டது. பிறந்த தீவின் மொழியான மால்டீஸ் மட்டும் மிச்சம். மிரியமுக்கு அது தெரியும். விக்டருக்குத் தெரியாது. அவன் பிறந்த சமயம் வீட்டில் எல்லாரும் ஆங்கிலம் பேசப் பழகிவிட்டார்கள்.

வென்சு கதவில் உள்ளங்கையை வைக்கிறார். முகம் சுருங்குகிறது. திரும்பி, மால்டீஸில் உரக்கச் சொல்கிறார்:

"எவன்டா இதை இப்படி வழவழன்னு ஆக்கினது? பெயிண்ட் எதைப் பிடிச்சு நிக்கும்? மிரியம், தண்ணி கொண்டா. முதல்லருந்து தேய்க்கணும்."

விக்டரின் முகம் மலர்கிறது. "உன் பேரைச் சொன்னாரே! என்ன சொல்றார், அக்கா? கார் நல்லாயிருக்குங்கறாரா?"

இதற்கு மிரியம் சொல்லும் பதிலை மூன்று விதமாக எழுதினேன். மூன்றையும் அழித்துவிட்டேன். அவள் சொன்னால் அப்பா அடிலெய்டு போகிறார். சொல்லாவிட்டால், அவள் வாளியில் தண்ணீர் பிடித்து வர வேண்டும், தம்பியின் கண் முன்னால்.

 அந்த முற்றத்தில் வென்சு சொன்னது புரிந்தவர் இன்னும் ஒருவர் இருக்கிறார். அவர் அதை இந்தப் பக்கத்தில் தமிழில் வாசித்தார்.

விக்டர் உங்கள் பக்கம் திரும்புகிறான். "நீங்களாவது சொல்லுங்களேன். அப்பா என்ன சொன்னார்?"