தலையைத் திருப்பக் கூடாது

கார்வினுக்கு அன்றைக்கு வகுப்பில் இருப்பே கொள்ளவில்லை. காலை ஆட்டினான், பென்சிலைக் கடித்தான், ஜன்னலைப் பார்த்தான். அப்பாவும் அம்மாவும் பிரிந்தாயிற்று. அம்மா டி மாய்ன் நகரத்தில் வீடும் பார்த்துவிட்டாள். இரட்டைப் பிள்ளைகளில் யார் யாரோடு இருப்பது என்று சாயங்காலத்துக்குள் சொல்லியாக வேண்டும். அவன் பண்ணையில், அப்பாவோடு. அதில் பேச்சே இல்லை. ஆனால் இந்த லெட்டி இருக்கிறாளே, கூடப் பிறந்தவள், ஒரு வாரமாக வாயே திறக்கவில்லை. கேட்டால், “கோழிக்குத் தீனி போட்டியா?” என்று பேச்சை மாற்றுகிறாள். அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு நாளாக அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

ஓல்பெர்டிங் டீச்சர் பலகையில் பழைய ஓவியம் ஒன்றின் படத்தை மாட்டினாள். வழுக்கைத் தலை விவசாயி, கையில் வைக்கோல் அள்ளும் கவை, பக்கத்தில் ஒரு பெண், பின்னால் கூர் ஜன்னல் வைத்த வெள்ளை வீடு. ஐயோவா மாநிலத்திலேயே வரைந்த உலகப் புகழ் ஓவியம்; அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இதைக் காட்டுவது கொடுமை, போங்கள். காபிக் கோப்பை, காலுறை, பல் டாக்டர் சுவர் என்று பார்த்துப் பார்த்துப் புளித்துப்போன படம்.

“பாத்தாச்சு டீச்சர், அடுத்தது!” என்றான் பிராடி.

“பாத்தியா? அப்ப கதையைச் சொல்லு.”

“புருஷன் பொண்டாட்டி. சூப்புல உப்பு இல்ல, சண்டை.”

“மடையா, அது அவர் மக,” என்றாள் டீச்சர். “உக்காந்து பாத்தா உங்களுக்கு விளங்காது. கார்வின், லெட்டி, வாங்க இப்படி. ரெண்டு பேருக்கும் அதே நீள மூஞ்சி.”

படத்தில் இருப்பதுபோலவே லெட்டிக்கு ஏப்ரன், அவனுக்குக் கறுப்புக் கோட்டு, கையில் நிஜக் கவை. அதன் பற்களில் டென்னிஸ் பந்து செருகிய பிறகுதான் பிரின்சிபால் உள்ளே விட்டார். லெட்டி அவனுக்கு அரையடி பின்னால் நின்றாள்.

“நேரா பாரு, கார்வின். என்ன ஆனாலும் தலையைத் திருப்பக் கூடாது. மத்தவங்க சொல்லுங்க, அவ எங்க பாக்குறா?”

“ரோட்டை!”

“பஸ் வருதான்னு பாக்குறா!”

வகுப்பே சிரித்தது. அவள் முகம் எல்லோருக்கும் தெரிந்தது, அவன் ஒருவனைத் தவிர.

“படத்துல கழுத்தோரம் ஒரு கத்தை முடி அவுந்து கெடக்கு,” என்றாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி. “ஓடி வந்திருக்கா. எதையோ சொல்லத்தான் வந்திருக்கா.”

“சபாஷ்! அப்ப சொல்லட்டும். லெட்டி, என்ன சொல்ல வந்தே?”

அவன் காதுக்குப் பின்னால் லெட்டியின் குரல் வந்தது.

“நான் அம்மாகூடப் போறேன்.”

கைதட்டல் பறந்தது. “அடேங்கப்பா, என்ன நடிப்பு!” என்றான் பிராடி. நடிப்பாவது மண்ணாவது! கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஆடாக வந்து ‘மே’ சொல்லவே திணறியவள் அவள்.

“அந்த அப்பா ஏன் திரும்பிப் பாக்கல?” என்று கேட்டாள் டீச்சர்.

“கோவம்.”

“திமிரு.”

“பயம்,” என்றான் கார்வின்.

“எதை வெச்சு சொல்றே?”

“கவையைப் புடிச்சிருக்கிறதைப் பாருங்க. குத்தப் போறவன் இப்படிப் புடிக்க மாட்டான். கீழ விழுந்துடாம இருக்கத்தான் இப்படிப் புடிப்பான்.”

சொல்லிவிட்டுத் திரும்பினான். “டேய், படம் கெட்டுது!” என்று கத்தினான் பிராடி. டீச்சர் அவனை அடக்கினாள்.

லெட்டி ரோட்டையும் பார்க்கவில்லை, பஸ்ஸையும் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். கண் நிறைந்து கிடந்தது. இந்த இரண்டு நாளும் இப்படித்தான் பார்த்திருப்பாளோ! பாவி, தான்தான் திரும்பவில்லை என்று அவனுக்குச் சுரீர் என்றது.

“போயிட்டு வா,” என்றான். “ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வந்துடு.”

“இது அப்பா பேசுறதா?” என்று கேட்டான் பிராடி.

லெட்டி ஏப்ரனால் மூக்கைத் துடைத்தாள். “கோழிக்குத் தீனி போட மறந்துடாதே,” என்றாள்.