முதல் மார்க்கு ராமாமணி

கோயமுத்தூர் கணபதிப் பகுதியில் பம்பு கம்பெனி வைத்திருந்த அங்கப்பன், ஆள் எடுக்கும்போது சம்சாரம் பழனாத்தாளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். இது அந்த வட்டாரத்துக்கே தெரிந்த விஷயம். தொண்டாமுத்தூரிலிருந்து போன எனக்குத் தெரியாது. புதுச் சட்டையைப் பார்த்தே வேலை கொடுத்துவிடுவார்கள் என்கிற நினைப்பில் போயிருந்தேன்.

வேலை ஒன்றுதான். கணக்குப் பிரிவில் கம்ப்யூட்டரில் பில் போட வேண்டும். தொண்ணூற்றாறில் கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் படித்தவர்களுக்குப் பஞ்சமில்லை, கம்ப்யூட்டருக்குத்தான் பஞ்சம். காலையில் பரீட்சை வைத்தார்கள். மானேஜர் ராமுலு தாள்களைத் திருத்திவிட்டு வெளியே வந்து, மூன்று பேரை மட்டும் இருக்கச் சொன்னார். முதல் மார்க்கு ராமாமணி. அடுத்தது தம்பிதுரை, அதாவது நான். மூன்றாவது உக்கடத்து ஷேக் பரீத்.

ராமாமணி தாராபுரத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவள். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் கேட்காமலேயே சொன்னாள்.

"ஊட்டுல மாப்பிள்ளை பாத்துட்டு இருக்கறாங்க. இந்த வேலை கெடைச்சா ரெண்டு வருசத்துக்குக் கல்யாணப் பேச்சே எடுக்க மாட்டேன்னு எங்கப்பா ஒத்துக்கிட்டாருங்க. கெடைக்கலைன்னா அவர் சொல்ற பையனுக்குக் கழுத்தை நீட்டறேன்னு நானும் ஒத்துக்கிட்டனுங்க."

"உங்களுக்குத்தானுங்க கெடைக்கும்" என்றேன். வாய்தான் சொன்னது. மனசு பழனி முருகனிடம் வேறு மாதிரி வேண்டிக்கொண்டிருந்தது.

பரீத்தை முதலில் கூப்பிட்டார்கள். போன வேகத்தில் திரும்பி வந்தான். "உக்கடமுங்களான்னு கேட்டாங்க. ஆமான்னேன். சொல்லியனுப்பறோம்னுட்டாங்க" என்று சிரித்தான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். எங்கள் இருவரையும் விட அவனுக்கு உலகம் தெரிந்திருந்தது.

அடுத்து நான். ராமுலு என் விடைத்தாளை மேஜையில் வைத்தார். அங்கப்பன் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"எந்தக் கூட்டம் தம்பி?"

"காடைக் கூட்டமுங்க."

"அட, நம்ம பங்காளி!"

கூட்டம் என்பது எங்கள் சாதிக்குள் குலப் பிரிவு; ஒரே கூட்டம் என்றால் அண்ணன் தம்பி முறை. பெண் கொடுக்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. அங்கப்பன் முகம் மலர்ந்தது. பழனாத்தாள் அதற்குமேல் என்னிடம் ஆர்வம் காட்டாமல் மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார். கம்ப்யூட்டரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ராமாமணி உள்ளே போய் வெகுநேரம் ஆகியும் வரவில்லை. நடுவில் காப்பி போனது. எனக்கு வயிறு எரிந்தது. ஒருவழியாக வெளியே வந்தவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"எந்தக் கூட்டம், அம்மா பொறந்த ஊரு எது, குலசாமி எங்கேன்னு அத்தனையும் கேட்டாங்க. ஆந்தைக் கூட்டம்னு சொன்னதும் அந்தம்மா எங்கையைப் புடிச்சுக்கிட்டாங்க. ஞாயித்துக்கெழம ஊட்டுக்கே வாராங்களாமா! ஆர்டரை நேர்லயே கொண்டாந்து குடுப்பாங்க போலருக்குதுங்க."

எனக்குக் காப்பி தரவில்லை, கையையும் பிடிக்கவில்லை. வேலை போச்சு என்று ஊருக்குப் போனேன். இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டுக்கு போன் வந்தது: உடனே வந்து சேர்ந்துகொள்ள வேண்டும். சரி, இருவரையுமே எடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பதுதான் எனக்கும் சௌகரியமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அங்கப்பன் என்னையும் வேனில் ஏற்றிக்கொண்டார். மகனுக்குப் பெண் பார்க்கப் போகிறார்களாம், கூட ஒரு பங்காளி இருந்தால் நல்லதாம். மடியில் பழத்தட்டோடு உட்கார்ந்து போனேன். தாராபுரத்தில் வேன் நின்ற வீட்டுக்குள் நுழைந்து பாயில் உட்காரும் வரை எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

உள்ளறையிலிருந்து ராமாமணி வந்தாள். கையில் சர்டிபிகேட் பைல். பின்னாலேயே ஓடிவந்த அவள் அம்மா பைலைப் பிடுங்கிக்கொண்டு காப்பித் தட்டைக் கொடுத்தாள். ராமாமணி தட்டைப் பார்த்தாள், பூவையும் பழத்தையும் பார்த்தாள், தலை வாரி நெற்றியில் திருநீறு பூசியிருந்த மாப்பிள்ளையைப் பார்த்தாள். கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, அந்த வேலைக்கு ஆள் எடுத்துப்போட்டீங்களா?" என்று அங்கப்பனைக் கேட்டாள்.

"எடுத்தாச்சு கண்ணு. இந்தா, நம்ம பங்காளிப் பையன்தான். ஊட்டுக்கு வாற மருமகளைச் சம்பளத்துக்கு உக்கார வெச்சா ஊர் என்ன பேசும்?"

"முதல் மார்க்கு நானுங்க."

"அதனாலதான் அம்மணி ஊட்டுக்கே வந்திருக்கோம்" என்றார் பழனாத்தாள். கேலி இல்லை, நிஜமான பிரியத்தோடுதான் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நான் அந்த வேலைக்குத்தானுங்க பரீட்சை எழுதினேன். இதுக்கு எழுதலீங்க."

அவள் அப்பா எழுந்துவிட்டார். அதட்டவில்லை. நியாயம் பேசுகிறவர் போலத்தான் பேசினார். "வேலை கெடைக்கலைன்னா எம்பட பேச்சைக் கேக்கறேன்னு நீதானே அம்மணி சொன்னே? கெடைக்கலையல்லோ?"

சொன்னவள் அவள்தான். பேச்சு பேச்சுதானே. வரிசையாகக் காப்பி கொடுத்துக்கொண்டு வந்தாள். எனக்கும் ஒரு டம்ளரை நீட்டினாள். எனக்கு வெட்கமாக இருந்தது, அவமானமாக இருந்தது. அந்த வேலை எனக்கு வேண்டும் என்பதும் இருந்தது. வாங்கிக் குடித்தேன்.

திரும்பும்போது அங்கப்பன் நல்ல உற்சாகத்தில் இருந்தார். பல்லடம் தாண்டியதும் முன் சீட்டிலிருந்து திரும்பினார்.

"தம்பி, கம்ப்யூட்டர்ல உனக்கு ஏதாச்சும் புரியலைன்னா ரோசிக்காதே. தை பொறந்து கல்யாணம் முடிஞ்சா அம்மணி ஊட்டுல சும்மாதானே இருக்கும்? பில்லுக் கட்டை ஊட்டுக்குத் தூக்கிட்டு வந்துரு. அது போட்டுக் குடுத்துரும்."

"சரிங்க" என்றேன்.