பன்னிரண்டு விநாடி

விடிந்தும் விடியாத ஆறு மணிக்கு அவள் வேலைக்கு வந்து உட்காரும்போது, நாற்காலியில் இரவு வேலை பார்த்த கண்ணாடிக்காரரின் சூடு ஆறியிருக்காது. இரவு முழுக்க உட்கார்ந்தவர் எழுந்ததும் இவள் உட்கார வேண்டும். திரை ஒரு நிமிடம் சும்மா இருந்தாலும் கேள்வி வரும். அதனால் தன் பெயரில் நுழைய நேரமெடுக்காமல், முதல் பத்து நிமிடம் அவர் கணினியில் திறந்து வைத்த கணக்கிலேயே வேலை பார்த்துவிடுவாள். அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் அதுதான் வழக்கம்.

வீடியோ தளத்தில் யார் யாரோ ஏற்றும் விளம்பரங்களைப் பார்த்து, விடலாம் என்றால் பச்சை, கூடாது என்றால் சிவப்பு அழுத்துவது வேலை. ஒன்றுக்குப் பன்னிரண்டு விநாடி. விளம்பரம் இரண்டு நிமிடம் ஓடினாலும் பன்னிரண்டுதான். கண் எரியும், மணிக்கட்டு கடுக்கும், கை நிற்கக் கூடாது.

அன்று மேலாளர் கண்ணாடிக்காரரை வீட்டுக்குப் போகவிடாமல் கூடத்தின் நடுவே நிறுத்தியிருந்தார். முகம் வெளுக்கும் களிம்பு என்று ஒரு விளம்பரம். அதைப் பார்த்து வாங்கிப் பூசிய ஒரு பெண்ணுக்குக் கன்னம் வெந்துபோயிருந்தது.

"பச்சை அழுத்தினது உங்க கணக்குதான். போன செவ்வாய், காலைல ஆறு அஞ்சு. நாளைலேர்ந்து வர வேண்டாம்."

ஆறு ஐந்து. அப்போது அந்த நாற்காலியில் இருந்தது இவள். சிரித்த முகத்தை மட்டும் பார்த்துவிட்டு, "முதலில் எரியும், பயப்படாதீர்கள்" என்ற கடைசி வரி வருமுன் பச்சையை அழுத்தியவள் அவள்தான். வேலை போனால் வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் வேறு நாதியில்லை. கண்ணாடிக்காரர் அவளை ஒருமுறை பார்த்தார், காட்டிக்கொடுக்கவில்லை. அதுதான் அவளைக் கொன்றது.

"அது நான் சார். அந்தப் பொண்ணு முகம் வெந்தது என் கையால."

"அப்ப ரெண்டு பேரும் கிளம்புங்க."

"என் தப்பு இல்லைன்னு சொல்ல வரலை. முழுசா பாத்திருந்தா சிவப்பு அழுத்தியிருப்பேன். பன்னிரண்டு விநாடின்னு வெச்சது யாரு சார்?"

"முடியாதவங்க போகலாம். வெளிய ஆள் வரிசைல நிக்குது."

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "நானும் தினம் அடுத்தவங்க கணக்குலதான் தொடங்குறேன். என்னையும் எழுதிக்குங்க." அடுத்து இன்னொருவர். பிறகு வரிசையே எழுந்தது. இத்தனை பேரையும் அனுப்பிவிட்டு யாரை உட்கார வைப்பதென்று மேலிடத்தைக் கேட்க மேலாளர் தொலைபேசியை எடுத்தார். அதோடு வெளியே போனார்.

அவள் கண்ணாடிக்காரரின் கணக்கை மூடினாள். தன் பெயரில் நுழைந்து, முதல் விளம்பரத்தை ஓடவிட்டாள். பன்னிரண்டு விநாடி கழிந்து திரை எச்சரித்தது. கூடத்தில் ஒரு கையும் பொத்தானை அழுத்தவில்லை.

"அண்ணே, நீங்க வீட்டுக்குப் போய்த் தூங்குங்க."

"இருக்கட்டும்மா." அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "கடைசி வரைக்கும் பாப்போம்."

அந்தக் கன்னம் அவள் மனதை விட்டுப் போகப்போவதில்லை. இந்த விளம்பரமும் கடைசி வரிக்கு வந்தது. அதை அவள் நிறுத்தி, இருமுறை படித்தாள்.