நீல இழை வைத்த வடம்

நான் மகளைக் கொடுத்த வீட்டின் பெரியவர், அதாவது என் சம்பந்தியின் தந்தை, ஓட்டிய பழைய மீன்பிடிப் படகைக் கடல்சார் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். வைக்கட்டும். பக்கத்தில் நட்டிருந்த பலகையைத்தான் நான் ஒப்புக்கொள்ளவில்லை. புயலில் சுக்கான் உடைந்து தவித்த, என் தந்தை ஓட்டிய எங்கள் படகை அந்தப் படகு இந்த வடத்தால் இழுத்து வந்து கரைசேர்த்ததாம். எங்கள் படகு எவர் தயவும் இல்லாமல் தானே பாய் விரித்து வந்தது என்பது எங்கள் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பலகையை எடுக்கச் சொல்ல, திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் போனேன். காப்பாட்சியர், என் மகள் வயதுப் பெண், நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. சம்பந்தி முன்பே வந்து படகின் பித்தளை விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வாங்க சம்பந்தி. சண்டைக்கு வந்தீங்களா, சும்மா வந்தீங்களா?”

“இல்லாததை எழுதி வச்சா சும்மா வர முடியுமா?”

“இருக்கறதைத்தான் எழுதியிருக்கு. வடம் அதோ கிடக்கு, பாருங்க.”

பார்த்தேன். மேடையில் சுருட்டி வைத்திருந்த வடத்தின் முனை கண்ணியாகப் பின்னப்பட்டிருந்தது. பின்னலுக்குள் ஒரு நீல இழை. துறைமுகத்தில் பிறர் கயிற்றோடு கலந்துவிடக் கூடாதென்று என் தந்தை தம் கயிறுகளில் எல்லாம் வைத்துப் பின்னிய அடையாளம் அது.

“இது எங்க கயிறு,” என்றேன்.

கடலில் அது சிறிய விஷயம் அல்ல. தவிக்கும் படகு தன் கயிற்றை வீசினால், நடந்தது சமமானவர்களுக்குள் ஒத்தாசை. காக்க வந்தவன் வீசிய கயிற்றைப் பிடித்தால் ஆயுளுக்கும் அவனுக்குக் கடமைப்பட்டவன். அப்படித்தான் அந்தக் காலத்தில் கணக்கு. என் தந்தை பிறர் கயிற்றைப் பிடிக்கவில்லை.

சம்பந்தி துணியை மடித்து வைத்தார். “நல்லா இருக்கே! இழுத்துட்டு வரவே இல்லைங்கறீங்க. அப்புறம் உங்க கயிறு எங்க வீட்டுக்கு எப்படி வந்துச்சு? நடந்தா வந்துச்சு?”

காப்பாட்சியர் குனிந்து எதையோ தேடினார். சிரிப்பை மறைக்கத்தான்.

“திருப்பிக் கொடுக்கணும்னுதான் எங்கப்பா எடுத்து வச்சிருந்தார். உங்கப்பா வாங்கிக்க வரவே இல்ல.”

அந்தப் புயலைப் பற்றி என் தந்தை ஒன்றே ஒன்றுதான் சொல்வார்: “கரை வந்து சேர்ந்தோம்.” கதையில் பாயை விரித்தது அவர் பிள்ளைகளாகிய நாங்கள். அவர் பொய் சொன்னவரல்லர்.

“பலகையை எடுத்துடவா ஐயா?” என்று காப்பாட்சியர் கேட்டார்.

எடுத்தால், வடம் சம்பந்தி வீட்டு வடமாகவே அங்கே கிடக்கும்.

“வேண்டாம்மா. கீழே ஒரு வரி சேருங்க. வடம் எங்க படகுலேருந்து வீசினது.”

எழுதிக்கொண்டார். சம்பந்தி விடுவாரா?

“அப்போ இழுத்தது யாரு?”

“அதான் மேலேயே எழுதியிருக்கே. படிக்கத் தெரியாதா?”

“விழுந்தாலும் மீசையில மண் ஒட்டலையாக்கும்!”

“கடல்ல ஏது சம்பந்தி மண்ணு?”

அதன் பிறகே நாற்காலியில் உட்கார்ந்தேன்.