சிலிண்டர் அக்கா

என் தம்பி மாலிக் இறந்த அன்று, அவன் மய்யத்தைத் தூக்குவதற்கு முன், பள்ளிவாசல் ஹஜரத் எங்கள் வாசலில் நின்று எல்லோரிடமும் கேட்டார். "இவரு வாயால யாரு மனசாவது நொந்திருந்தா, அல்லாவுக்காக மாப்பு குடுத்துடுங்க."

எல்லாச் சாவிலும் கேட்பதுதான். ஆனால் இவன் வாயை வைத்தே பிழைத்தவன். மேடையில் அவன் கிழித்துத் தொங்கவிட்ட கறிக்கடைக்காரர், வார்டு கட்சி ஆள், சொந்த மாமனார் என்று பாதி வில்லியனூர் அங்கே நின்றது. அத்தனை பேரும் "குடுத்துட்டோம்" என்றார்கள். உள்ளே பெண்களும் சொன்னார்கள். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

மனிதருக்குச் செய்த தீங்கை அந்த மனிதரே மன்னித்தால்தான் உண்டு என்று சின்ன வயதில் எங்கள் இரண்டு பேரையும் ஒரே பாயில் உட்கார வைத்து ஓதிக்கொடுத்திருக்கிறார்கள். தெரிந்தேதான் சும்மா இருந்தேன். ஒரு வருஷம் ஓடிவிட்டது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இன்று சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். என் தையல் கடைக்கு எவளாவது வந்து என்னைப் பார்த்துச் சிரிப்பாள், அதோடு போச்சு.

அப்படி என்ன செய்துவிட்டான் என்று கேட்பீர்கள். மாலிக் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்த்தவன். கேன்டீனில் ஜோக் சொல்ல ஆரம்பித்தான், அப்புறம் மேடை. அதுவரை இந்தப் பக்கம் மைக் பிடித்தவர்கள் எல்லாம் சினிமாக்காரர்கள் குரலில் பேசினார்கள், இல்லையென்றால் மெட்ராஸ்காரன் போல நடித்தார்கள். இவன்தான் முதலில் நம் ஊர் வாயிலேயே 'இன்னா' என்றும் 'வூடு' என்றும் பேசினான். தன் குடியைச் சொன்னான், வேலை போனதைச் சொன்னான், குடி மறக்க வைக்கிற இடத்தில் மூன்று தடவை சேர்த்ததைச் சொன்னான். பெண்டாட்டி ஃபர்ஹானா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்வீடு போனதையும் அடுத்த வாரமே மேடையில் சொன்னான். ஜனம் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தது. இவன் இறங்கி நேராகச் சாராயக் கடைக்குப் போய்க் குடித்தான். முப்பத்தாறு வயதில் கல்லீரல் போய்விட்டது.

அவனைப் பெரிய ஆளாக்கியது என்னைப் பற்றிய ஜோக். "எங்க அக்கா ஒரே வருசத்துல மூணு வாட்டி பொட்டியோட வூட்டுக்கு வந்துச்சு. கேஸ் சிலிண்டர்கூட அவ்ளோ கரெக்டா வராது." இதற்கு மேல் நான் கேட்டதில்லை. வீடியோ ஓடின போனைத் தூக்கி எறிந்துவிட்டேன். மறுநாளிலிருந்து நான் சிலிண்டர் அக்கா. பிளவுஸ் தைக்கக் கொடுக்க வருகிறவள் முதல் மீன்காரி வரை அதே பேர். புருஷன் அடித்தது ஒரு வலி என்றால் இது அதைவிடப் பெரிய வலி. அன்றைக்குப் பேச்சை நிறுத்தினேன். ஒருநாள் என் தையல் கடைக்கு எதிரே வந்து ரொம்ப நேரம் நின்றான். ஷட்டரை இழுத்து விட்டேன்.

போன வாரம் கீர்த்தி என்று ஒரு பெண் கடைக்கு வந்தாள். பனித்திட்டு மீனவர் வீட்டுப் பெண். மாலிக்கைப் பார்த்து மேடையேறியவர்கள் பத்துப் பேர் சேர்ந்து, அவன் போய் ஒரு வருஷம் ஆனதற்கு மூலக்குளம் கல்யாண மண்டபத்தில் நிகழ்ச்சி நடத்துகிறார்களாம்.

"அண்ணனோட சிலிண்டர் ஜோக்க நான் சொல்லலாம்னு இருக்கேங்கா. உங்கள கேக்காம சொல்லக்கூடாதுன்னு வந்தேன்."

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. "செத்தும் என்ன வுடமாட்டானா அவன்? நீ இன்னாத்துக்குடி அத சொல்ற? உனக்கு மானம் போனாத்தான் தெரியும்."

அவள் எழுந்து போகவில்லை. "எனக்கும் போச்சுக்கா," என்றாள். "நான் லவ் மேரேஜ். இனிமே வாசப்படி மிதிக்காதன்னு எங்கப்பா சொல்லிட்டாரு. பண்டசோழநல்லூர்ல புருஷன் வூட்ல தெனம் அடி. எங்க போறதுன்னு தெரியல. கம்பெனி பஸ்ல போனுல அண்ணன் வீடியோ ஓடுச்சு. எல்லாரும் சிலிண்டருக்கு சிரிச்சாங்க. நான் அதுக்கு அடுத்தத கேட்டுனு இருந்தேன்."

"அடுத்தது இன்னா?"

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "நீங்க முழுசா கேட்டதே இல்லியா? 'மூணு வாட்டியும் எங்க அத்தா கதவத் தொறந்தாரு. ஒரு கேள்வி கேக்கல. பொட்டிய உள்ள வை, சோறு ஆறுதுன்னாரு.' அதான்கா ஜோக் முடியிற எடம். அத கேட்டுட்டு மறுநா காலையில பொட்டியோட எங்க வூட்டு முன்னாடி போய் நின்னேன். எங்கப்பா காத்தவராயன் தொறந்தாரு. என்னயே பாத்தாரு. 'பொட்டிய உள்ள வை, சோறு ஆறுது'ன்னாரு. அவரும் அந்த வீடியோவ பாத்திருக்காருக்கா. அப்புறமா சொன்னாரு, 'வில்லியனூர் பாய் மூணு வாட்டி தொறந்தாரு, நான் ஒரு வாட்டி தொறக்க மாட்டனா'ன்னு."

எங்களைப் பெற்ற அத்தா கௌஸ் பாஷா ஒரு தடவைகூடத் தானாகத் திறக்கவில்லை.

முதல் இரண்டு முறை அம்மா உயிரோடு இருந்தாள், அவள் திறந்தாள். மூன்றாவது முறை அம்மா இல்லை. விடியற்காலை போய்க் கதவைத் தட்டினேன். "போன எடத்துலயே இரு," என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. தெருவே பார்க்க வாசலில் உட்கார்ந்திருந்தேன். நைட் ஷிப்ட் முடிந்து ஏழு மணிக்கு மாலிக் வந்தான். கதவைத் தட்டி, "அக்கா வராத வூட்டுக்கு நானும் வரல," என்று சொல்லிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். தூக்கமில்லாத கண்ணோடு மதியம் லுஹர் பாங்கு வரை உட்கார்ந்திருந்தான். அதற்குப் பிறகுதான் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. அத்தா எங்கள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

ஜோக்கில் அவன் தன்னை எடுத்துவிட்டு அத்தாவை நிறுத்தியிருக்கிறான். ஊரே அத்தாவின் பாத்திரக் கடைக்கு வந்து, "பாய், பெத்தவருன்னா உங்கள மாதிரி இருக்கணும்," என்று சொன்னது இதற்குத்தான். அதன் பிறகுதான் அவர் என்னிடம், "சாப்ட்டியாம்மா," என்று கேட்க ஆரம்பித்தார். மௌத்தாகும் வரை தினமும் கேட்டார். வயதாகி மனசு இளகிவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பாவி மாலிக், ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? எங்கே சொல்வான், நான்தான் ஷட்டரை இழுத்தேனே.

"நெஜமாவே உங்க அத்தா அப்படியேவா சொன்னாரு?" என்று கீர்த்தி கேட்டாள். அவளுக்கு அது உண்மையாக இருக்க வேண்டும் என்று முகத்திலேயே தெரிந்தது.

"ஆமாண்டி," என்றேன். "மூணு வாட்டியும் அவருதான் தொறந்தாரு."

சொல்லிவிட்டுத் தாங்க முடியாமல் அழுதேன். அவள் பயந்துபோய்த் தண்ணீர் எடுத்து வந்தாள். "குடுத்துட்டேன்டா மாலிக், குடுத்துட்டேன்," என்று அவள் எதிரிலேயே புலம்பினேன். அவனிடம் மாப்பு கேட்க வேண்டியவள் நான், அதற்கு இனி ஆள் இல்லை.

கொஞ்சம் அடங்கியதும், "அப்ப ஜோக்கு வேணாங்கா, வுட்டுடறேன்," என்றாள்.

"சொல்லு. ஒரு எழுத்து மாத்தாம சொல்லு," என்றேன். "ஒண்ணே ஒண்ணு, வெறும் அக்கான்னு சொல்லாத. மாலிக்கோட அக்கா ரிஹானான்னு பேரோட சொல்லு."